கடவுள் நல்லவர் என்று எந்த வாயால் சொல்வது?



கடவுள் நல்லவர் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மிக எளிய வாக்கியம். சிறுபிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான், மரண வீட்டில் கடைசியாகச் சொல்வதும் இதைத்தான். ஆனால் சொல்லுகிற இடத்தைப் பொறுத்து அதன் பாரம் மாறிவிடுகிறது. வீடு நிறைய நெல்மூட்டை அடுக்கியிருக்கும்போது அதைச் சொல்வது சுலபம். குச்சவெளிப் பிரதேசத்தில் அதைச் சொல்லுகிறவர் சற்று நின்று, மூச்செடுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை, தென்னைமரவடி என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காடும் குளமும் வயலும். நெல், வெங்காயம், மாட்டுப்பட்டி, மீன்பிடி என்று வாழ்ந்த மக்கள். 1984 டிசெம்பரில் தென்னைமரவடி மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1985இல் திரியாயில் வீடுகள் எரிந்தன. 1990இல் மீண்டும் பேரோட்டம். சிலர் முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். சிலர் பட்டினத்து முகாம்களில் தங்கினார்கள். சிலர் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்து இதே கரையை அடித்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. தென்னைமரவடிக் குடும்பங்கள் தங்கள் காணியை மீண்டும் கண்டபோது கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. வரம்பு தெரியவில்லை, காடு மூடியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு கடவுள் நல்லவர் என்று எந்த வாயால் சொல்வது? இந்தக் கேள்வியைக் கேட்பவரை விசுவாசம் குறைந்தவர் என்று நாம் எண்ணக்கூடாது. கடவுள் நல்லவர் என்று உண்மையாக நம்பியவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நம்பாதவருக்கு அது கேள்வியே அல்ல.

நடந்ததெல்லாம் நல்லதா?

ஒருவர் துன்பப்பட்டால் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லுவது நம் வழக்கம். ஆறுதலுக்குச் சொல்லுவதுதான். ஆனால் பிள்ளையைத் தொலைத்த தாயின் முன்னால் அதைச் சொன்னால், உன் பிள்ளை போனதும் நல்லதுக்குத்தான் என்று சொன்னதாகிவிடும். கிறிஸ்தவ விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை. கடவுள் நல்லவர் என்றால், நமக்கு நடந்தவை எல்லாம் நல்லவை என்று பொருள் அல்ல. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்வோம். எரிந்த வீடு நல்லது அல்ல. பறிபோன காணி நல்லது அல்ல. தீமையைத் தீமை என்று சொல்லுவது கடவுளுக்கு எதிரான பேச்சு அல்ல.

இதை ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் புனித அகுஸ்தீன். வட ஆபிரிக்காவில் இப்போ என்ற துறைமுகப் பட்டினத்தில் ஆயராக இருந்தவர். கி.பி. 410இல் உரோமைப் பட்டினம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து தப்பியவர்கள் அகதிகளாகக் கடல் கடந்து வட ஆபிரிக்காவுக்கு வந்தார்கள். இப்படி ஏன் நடந்தது என்ற கேள்வி எங்கும் எழுந்த காலத்திலேதான் அவர் தமது மிகப் பெரிய நூலை எழுதத் தொடங்கினார். 430இல் அவர் இறந்தபோது அவருடைய சொந்தப் பட்டினத்தையே பகைவர் முற்றுகையிட்டிருந்தார்கள். அகதிகளின் நடுவே சிந்தித்த அந்த மனிதர், தீமையைக் கடவுள் படைக்கவில்லை என்றார். தீமை என்பது ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற் போன நிலை என்றார்.

குளக்கட்டு வைத்திருப்பவருக்கு இது இலகுவில் விளங்கும். கட்டு உடைந்த இடத்தில் இருப்பது என்ன? மண் இல்லாத வெளிதான். உடைப்பு என்று தனியாக ஒரு பொருளை யாரும் கொண்டுவந்து அங்கே வைக்கவில்லை. ஆனாலும் அந்த வெளியாலே பாயும் தண்ணீர் முழு வயலையும் அள்ளிப்போகும். தீமையும் அப்படித்தான். அதன் அழிவு மெய்யானது, ஆனால் அது கடவுளின் படைப்பு அல்ல. கட்டை மீண்டும் கட்ட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

வேதாகமத்தின் முதலாம் அதிகாரத்திலே, படைத்ததைக் கடவுள் நல்லது என்று கண்டதாக ஏழு முறை சொல்லப்படுகிறது. தரை தெரிந்து, புல்லும் விதை தரும் பயிரும் மரமும் முளைத்த நாளிலும் அந்தச் சொல் வருகிறது. ஆகவே விதையும் மண்ணும் கடவுளின் நன்மைக்கு முதற் சாட்சிகள். அந்த மண்ணிலிருந்து ஒரு குடும்பத்தைத் துரத்துவது அவருடைய நன்மைக்கு எதிரான செயல்.

சீலோவாம் கோபுரம்

சுனாமிக்குப் பிறகு சிலர் வேறொரு விளக்கம் சொன்னார்கள். இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அலை அது. கைக்குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? அகதியானவர்களைப் பார்த்தும் இப்படிப் பேசியவர்கள் உண்டு.

இயேசுவின் காலத்திலும் இந்தப் பேச்சு இருந்தது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். செத்தவர்களின் கணக்கைப் பார்க்காமல் உயிரோடிருக்கும் நாம் மனந்திரும்ப வேண்டும் என்றே அவர் சொன்னார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அந்தக் கணக்குக்கு உடன்படவில்லை.

ஆகவே, உங்களுடைய இடப்பெயர்வு உங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது சொன்னால், அது இயேசுவின் வாக்கு அல்ல என்று துணிவாகச் சொல்லலாம்.

முறையிடும் உரிமை

யோபு என்ற மனிதர் ஒரே நாளில் மாடுகளையும் மந்தைகளையும் பிள்ளைகளையும் இழந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் நல்லது அது ஒன்றுதான். பிறகு வாய் திறந்து, நீ ஏதோ பிழை செய்திருப்பாய் என்று வாதாடத் தொடங்கினார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளோடு வழக்குப் பேசினார், கோபித்தார், பதில் கேட்டார். கதையின் முடிவிலே கடவுள் யாரைக் கண்டித்தார்? தமக்காக வாதாடிய நண்பர்களையே கண்டித்தார். யோபு பேசியதுதான் சரி என்றார்.

திருப்பாடல்கள் 150. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமாக இருக்கின்றன. ஏன் மறைந்திருக்கிறீர், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பவை. நல்லவர் அல்லாத ஒருவரிடம் போய் யாரும் முறையிடுவதில்லை. கல்நெஞ்சக்காரன் வீட்டு வாசலில் எவரும் மனுக் கொடுக்கப் போவதில்லை. அழுது முறையிடுகிறவர், கேட்பதற்கு ஒரு நல்ல காது உண்டு என்று நம்புகிறார். ஆகவே புலம்பலும் ஒரு விசுவாச அறிக்கைதான்.

கதிர் பொறுக்க வந்த பெண்கள்

கடவுளின் நன்மை எந்த உருவத்தில் வரும்? வேதாகமத்தில் ரூத்து என்ற சிறிய நூல் இதற்குப் பதில் தருகிறது. அது முழுக்க முழுக்க இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்தின் கதை.

பெத்லெகேம் என்ற பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த ஊரிலேயே பஞ்சம் வந்தது. எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மோவாப் நாட்டுக்குப் போனார். அங்கே அவரும் இறந்தார், பிள்ளைகளும் இறந்தார்கள். பத்து வருடமளவில் கழிந்தபின் நகோமி ஊர் திரும்பினார். கூட வந்தவர் மோவாபியப் பெண்ணான மருமகள் ரூத்து ஒருவர்தான். ஊர்ப் பெண்கள் நகோமியை அடையாளம் கண்டு பேர் சொல்லி அழைத்தபோது, அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட வேண்டாம், கசப்பு என்று கூப்பிடுங்கள் என்றார். நிறைவாகப் போன என்னை ஆண்டவர் வெறுமையாகக் கொண்டுவந்தார் என்று முறையிட்டார். அந்த நூல் அவரைக் கண்டிக்கவில்லை. அவர்கள் வந்தது வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறது.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் கைம்பெண்ணுக்கும் அந்நியருக்கும் உரியது. கதிர் பொறுக்கப் போன ரூத்து, போவாசு என்பவரின் வயலுக்கு வந்து சேர்ந்தார். போவாசு சட்டத்தோடு நிற்கவில்லை. அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவி விடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலையாட்களுக்குச் சொன்னார். பிறகு ஊர்வாசலில் பத்து மூப்பர்களைச் சாட்சியாக இருத்தி, நகோமி குடும்பத்தின் காணியை மீட்டுக் கொடுத்தார்.

இந்த நூலிலே வானம் திறக்கவில்லை, அற்புதம் எதுவும் நடக்கவில்லை. எபிரேய மொழியில் 'ஹெசெத்' என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கைவிடாத அன்பு என்று அதைச் சொல்லலாம். கடவுளுக்குரிய அந்தச் சொல்லை இந்த நூல் ரூத்துக்கும் சொல்லுகிறது. வேற்று நாட்டு மருமகள் மாமியைக் கைவிடாததும் அதே அன்பு. கடவுளின் நன்மை வயல் ஓரமாக, உருவி விட்ட கதிராக, காணிக்குச் சாட்சி சொன்ன பத்துப் பேராக வந்து சேர்ந்தது.

குச்சவெளிப் பிரதேசமும் இப்படியான நன்மையைக் கண்டிருக்கிறது. 2009இல் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர் முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அவ்வருடம் மார்ச் மாதத்தில் இந்திய வைத்தியக் குழு புல்மோட்டையில் தற்காலிக ஆஸ்பத்திரி அமைத்தது. போரை அந்தக் கட்டில்கள் நல்லதாக்கவில்லை. ஆனால் தீமையின் நடுவிலும் காயத்துக்கு மருந்து கட்டும் கைகள் இருந்தன. கடவுளின் நன்மை அந்தக் கைகளில் இருந்தது என்று விசுவாசிக்கிறோம்.

ஒரே கூலி, ஒரே மழை

சொந்த வயலில் நெல் விதைத்தவர்கள் இடம்பெயர்ந்த இடத்தில் கூலிக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு மத்தேயு 20ஆம் அதிகாரக் கதை நன்றாக விளங்கும். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஆட்களைக் கூலிக்குக் கூப்பிட்டார். பிறகு ஒன்பது மணிக்கும், மதியத்திலும், மூன்று மணிக்கும், கடைசியில் ஐந்து மணிக்கும் கூப்பிட்டார். கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று சந்தியில் நின்றவர்கள். பொழுதுபட்டதும் எல்லோருக்கும் ஒரே தெனாரியம், ஒரு நாட் கூலி. முதலில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். நான் நல்லவனாக இருப்பது உனக்குப் பொறாமையா என்று தோட்டக்காரர் கேட்டார்.

ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் அன்று இரவு பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். கடவுளின் நன்மை மணித்தியாலத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தது. மீள்குடியேற்றத்திலும் வீட்டுத்திட்டப் பட்டியலிலும் முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்று நமக்குள் எத்தனை மனக்கசப்பு! இந்தியாவிலிருந்து பிந்தித் திரும்பிய குடும்பம் பட்டியலில் இல்லாவிட்டால் நாம் என்ன நினைக்கிறோம்? இந்தக் கதை நம்மையும் கேள்வி கேட்கிறது.

மழையும் அப்படித்தான். நல்லவர் மேலும் தீயவர் மேலும் கடவுள் மழை பெய்விக்கிறார் என்று இயேசு போதித்தார். நம் பகுதியில் சைவர், முஸ்லிம்கள், பௌத்தர், கிறிஸ்தவர் எல்லோரும் வாழ்கிறோம். ஐப்பசி மழை யாருடைய வரம்பையும் விசாரித்துப் பெய்வதில்லை. சிவம் என்ற சொல்லுக்கே நன்மை, மங்கலம் என்று பொருள். முஸ்லிம் அயலவர் ஒவ்வொரு காரியத்தையும் அளவற்ற அருளாளனின் பெயராலே தொடங்குகிறார். கடவுளின் நன்மையைப் பற்றி நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நாம் பெருமை பேச இடமில்லை.

மண்பானையில் வைத்த உறுதி

ஏறத்தாழ கி.மு. 587இல் எருசலேம் முற்றுகையில் இருந்தது. இறைவாக்கினர் எரேமியா காவலில் கிடந்தார். ஊர் விழும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய உறவினர் வந்து, அனாத்தோத்திலுள்ள வயலை வாங்கிக்கொள் என்றார். எரேமியா 17 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன்னால் உறுதி எழுதி, முத்திரை வைத்த பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பானைக்குள் வைக்கச் சொன்னார். நெடுங்காலம் பழுதுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த நாட்டில் வீடுகளும் வயல்களும் மறுபடியும் வாங்கப்படும் என்பது அதன் செய்தி.

கடவுளின் நன்மையை நம்புவது வெறும் மன ஆறுதல் அல்ல என்று அந்த மண்பானை காட்டுகிறது. காணி உறுதியைப் பத்திரப்படுத்துவதும் விசுவாசச் செயல்தான். தறப்பாள் கொட்டிலில் தலையணைக்குள் உறுதியைத் தைத்து வைத்த தாய்மாருக்கு எரேமியாவை விளக்கத் தேவையில்லை. இன்றும் வனத்திணைக்கள எல்லைக்கல், தொல்லியல் அறிவிப்புப் பலகை, வேறொருவர் போட்ட வேலி என்று காணிக்குத் தடைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் காணிக்குப் போக முடியாதிருந்த காலத்தை மற்றவரின் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற நியாயத்தை ஏற்றுக்கொண்டது. அதைப் பயன்படுத்தக் கால எல்லையும் வைக்கப்பட்டது. உரிமைக்குப் பேசும்போது தாமதம் கூடாது என்பது நாம் படித்த பாடம்.

நல்லவரின் காயம்

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். நல்லவர் ஏன் தடுக்கவில்லை? இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டும் விடை கிறிஸ்தவ விசுவாசத்திடம் இல்லை. அது ஒரு மனிதரைக் காட்டுகிறது. குழந்தையாயிருக்கும்போதே எகிப்துக்கு அகதியாகக் கொண்டுபோகப்பட்டவர். தலைசாய்க்க இடமில்லாதிருந்தவர். பட்டினத்து மதிலுக்கு வெளியே கொல்லப்பட்டவர். சிலுவையில் அவரும் ஏன் என்று கேட்டார். கடவுள் தூரத்திலிருந்து நம்மைப் பார்க்கிற நல்லவர் அல்ல, நம்மோடு காயப்பட்ட நல்லவர் என்பதே நற்செய்தி. உயிர்த்தெழுந்த பிறகும் அவருடைய உடலில் காயத் தழும்பு இருந்தது. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, தழும்பைத் தொட்டுப் பார் என்று காட்டினார்.

நம் கிழக்கு மண்ணும் அப்படிப்பட்ட சாட்சிகளைக் கண்டது. அமெரிக்காவிலிருந்து வந்து திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபேர் அடிகளார், போர் உக்கிரமான நாட்களிலும் மக்களை விட்டுப் போகவில்லை. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவரோடு சென்ற தமிழ் இளைஞரும் காணாமற் போனார்கள். காணாமற் போனோரின் பட்டியலில் குருவும் ஒருவர். அவர் கற்பித்த நன்மை அவரைக் காப்பாற்றவில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் அவர் மக்களோடு நின்றார் என்பதை எவராலும் அழிக்க முடியவில்லை.

நாம் செய்யக்கூடியவை

கடவுள் நல்லவர் என்று சொல்லும் சபை, அயலவர் அந்த நன்மையைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி நடக்க வேண்டும். சிறிய வழிகள் சில:

1. பெரும்போகம் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் கொஞ்ச விதைநெல்லைப் பொதுவில் சேர்க்கலாம். புதிதாகத் திரும்பிய குடும்பம் அதை விதைத்து, அறுவடையில் அதே அளவைத் திருப்பி வைக்கட்டும். அடுத்த குடும்பத்துக்கு அது போகட்டும்.

2. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் காணியில் காடு வெட்டவும் வரம்பு கட்டவும் மாதத்தில் ஒரு நாள் சிரமதானம் வைக்கலாம்.

3. காணிப் பத்திரங்களின் பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்திருங்கள். உறுதி தொலைந்திருந்தால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அரச அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும். நகோமிக்குப் பத்துச் சாட்சிகள் இருந்ததை மறக்க வேண்டாம்.

4. துக்க வீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளில் செய்ததைச் செய்வோம். பக்கத்தில் இருப்போம்.

கடவுள் நல்லவர் என்பதை மழை பெய்த வருடத்தில் சொல்லுவது நன்றி. மழை பொய்த்த வருடத்தில், திரும்பிப் போக முடியாத காணியை நினைத்துக்கொண்டு அதைச் சொல்லுவது நம்பிக்கை. இன்று அதைச் சொல்ல முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவருக்காக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அவர் அழுது முடிக்கும்வரை அவருடைய வரம்பையும் சேர்த்துக் கட்டுவோம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் இடப்பெயர்வில், எதிர்பாராத ஒருவரிடமிருந்து கிடைத்த நன்மை எது? அவர் எந்த இனத்தவர், எந்தச் சமயத்தவர்?

2. துன்பத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்களில் எது உதவியது, எது புண்படுத்தியது?

3. நமது ஊரில் இன்று வயலின் ஓரம் யாருக்காக விடப்பட வேண்டும்?